வீட்டார் சோதனை

"எங்க இருக்கீங்க?" என்று சிந்துஜா கேட்டதற்குத் தீபனிடமிருந்து ஒன்பது பதில்கள் வந்தன.

ஒரு தீபன் வால்பாறையில் இருந்தான். இன்னொருவன் கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். பெங்களூரில் பம்பு கண்காட்சி பார்ப்பதாக ஒருவன், ராமேசுவரத்தில் லாட்ஜ் தேடுவதாக ஒருவன். எல்லாம் அவன் எழுதுகிற மாதிரியேதான் இருந்தது. வரிக்குக் கடைசியில் அவன் விடாமல் போடும் மூன்று புள்ளிகள்கூட எல்லாவற்றிலும் இருந்தன.

இதற்கு முன்பெல்லாம் அவளுக்கு ஒரே ஒரு பதில்தான் வரும். உண்மையான பதில்.

வாசலில் ஸ்கேன் நிலையத்து நர்ஸ் காத்துக்கொண்டு நின்றாள். முக்கியமான சேதி என்றால் ஆளை நேரில் அனுப்புவது மறுபடியும் வழக்கத்துக்கு வந்திருந்தது. "டாக்டர் நேத்து ராத்திரியே அவருக்குச் சொல்லிட்டாருங்க. 'சரிங்க டாக்டர், உடனே வர்றேன்'னு பதிலும் வந்துச்சு. ஒன்பது தடவை வந்துச்சுங்க. அதான் சந்தேகப்பட்டு என்னை அனுப்பினாரு" என்றாள்.

சேதி இதுதான். தீபனுக்கு இடது கால் கொஞ்ச நாளாக வீங்கியிருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் தொடைக்குள் பெரிய ரத்தக்குழாயில் ஒரு கட்டி அடைத்துக்கொண்டு இருந்தது. அது கழன்று நுரையீரலுக்குப் போனால் ஆள் அந்த இடத்திலேயே சாய்வான். உடனே மருந்து ஏற்ற வேண்டும். பஸ்ஸிலோ நாற்காலியிலோ மணிக்கணக்காக உட்காரவே கூடாது. அறிக்கை வருவதற்கு முன்பே, "ரெண்டு நாள் வெளியூர் வேலை" என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பிப் போய்விட்டான். பம்புக் கம்பெனிக்கு ஆள் விட்டுக் கேட்டால், வேலையும் இல்லை, வெளியூரும் இல்லை, லீவு போட்டிருக்கிறார் என்றார்கள்.

கணவன் எங்கே என்று தெரியாத மனைவிகள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் அவனை இப்படி ஒளித்து வைத்த இயந்திரத்தைத் தானே உட்கார்ந்து செய்தவள் சிந்துஜா ஒருத்திதான்.

அந்த இயந்திரத்துக்கு ஒன்பதாள் உலாவி என்று பெயர்.

அது வருவதற்கு முன்பு ஊர் எப்படி இருந்தது என்பதை யாரும் அவ்வளவு சீக்கிரம் மறந்துவிட முடியாது. காந்திபுரம் பஸ் நிலையத்து விளம்பரப் பலகை ஆளைப் பார்த்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மூலத்துக்கு மருந்து வேண்டுமா என்று நாலு பேர் முன்னால் கேட்கும். நெஞ்சு வலிக்கிறதே என்று உலாவியில் தேடியவர் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அவருடைய காப்பீடு ரத்தாகியிருக்கும். மாதவிலக்குச் சிக்கலைப் பற்றி இரண்டு பக்கம் படித்த பெண்ணுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. மனிதர்கள் எங்கே போகிறார்கள், எதைத் தேடுகிறார்கள், எதில் தயங்கி நிற்கிறார்கள் என்று பொறுக்கி விற்றவர்களை மக்கள் தடம்பொறுக்கிகள் என்று அழைத்தார்கள். பொருத்தமான பெயர்தான்.

பூட்டுப் போட்டுப் பார்த்தார்கள், முகமூடி போட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் நிற்கவில்லை. சிந்துஜா வேலை பார்த்த அரண் மென்பொருள் நிறுவனம் வேறு வழியில் யோசித்தது. ஆளை மறைக்க முடியாவிட்டால் கூட்டத்தில் விட்டுவிட வேண்டியதுதான். ஒன்பதாள் உலாவியைக் கைபேசியில் போட்டதும் அது எட்டு நிழலாட்களை உண்டாக்கும். அவர்கள் உங்களைப் போலவே தேடுவார்கள், படிப்பார்கள், அறை பதிவு செய்து கடைசி நேரத்தில் ரத்து செய்வார்கள், உங்கள் குரலிலேயே பதில் சொல்வார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்பது பேர் ஒன்பது ஊரில் இருப்பார்கள். அதில் யார் அசல் என்பது உங்கள் கைபேசிக்கு மட்டும் தெரியும். நீங்கள் உள்வட்டத்தில் சேர்த்தவர்களுக்கு மட்டும் அசல் ஆள் பதில் சொல்வார். மற்றவர்கள் அனுப்பும் சேதி அசல் ஆளின் கண்ணுக்கே வராது; ஒன்பது பேர் பெயரிலும் இயந்திரமே பதில் எழுதும்.

தீபனின் உள்வட்டத்தில் முதல் பெயர் சிந்துஜாவுடையது. அதை அவன் நீக்கிவிட்டான் என்பதுதான் அந்த ஒன்பது பதில்களுக்கு அர்த்தம்.

எப்போது நீக்கினான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. நீக்கியது நீக்கப்பட்டவருக்குத் தெரியக் கூடாது என்று விதி எழுதியவளும் அவள்தான். அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி ஓடுகிற பெண்களை நினைத்து எழுதிய விதி. அதற்காக அவளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். "இதுல பின்கதவுன்னு ஒண்ணு கிடையாதுங்க. நானே நினைச்சாலும் உள்ளே வர முடியாது" என்று அவள் பேசியதற்கு அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இப்போது நினைவுக்கு வந்து அவளை எரிச்சல்படுத்தியது.

தானோட்டி வண்டியைப் பிடித்து சரவணம்பட்டி காவல் நிலையத்துக்குப் போனாள்.

ஆய்வாளர் பேச்சிமுத்து திருநெல்வேலிக்காரர். கோவையில் பல வருஷம் இருந்தும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. நீங்க அவரை அடிப்பியளா?" என்றார்.

"இல்லைங்க சார்."

"கேக்க வேண்டியது என் வேலை. உள்வட்டத்துலருந்து பொஞ்சாதிய எடுக்கான்னா ஏதோ ஒண்ணு இருக்கணும்லா?"

"எனக்கே தெரியலைங்க சார். எங்களுக்குள்ள சண்டை கிடையாது. சத்தமாக்கூடப் பேசிக்க மாட்டோம்."

பேச்சிமுத்து திரையை அவள் பக்கம் திருப்பினார். தடம்பொறுக்கிகள் விற்கிற தீபனின் ஒன்பது தடங்களும் அதில் வரிசையாக இருந்தன. "சட்டம் உங்களுக்குத் தெரியும்லா? வீட்டார் சொல்லுன்னு வச்சிருக்காவ. ஒன்பது ஊருக்கு ஒன்பது ஜீப்பு விட்டா எந்த ஸ்டேஷன் தாங்கும்? வீட்டாளு ஒருத்தர் ஒரு தடத்தைக் கைகாட்டணும். அங்கதான் ஆளை அனுப்புவோம். அங்க இல்லைன்னு பதில் வந்த பெறவுதான் அடுத்த சொல்லு."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகுங்க?"

"அந்தந்த ஸ்டேஷனைப் பொறுத்தது. வால்பாறைன்னா மலை ஏறணும்லா, பொழுது போயிரும்."

காலில் இருக்கும் கட்டி பொழுது போகிற வரைக்கும் காத்திருக்குமா என்பதை ஒருவரும் சொல்ல முடியாது. ஒரே ஒரு சொல்தான் அவள் கையில் இருந்தது. அது சரியாக இருக்க வேண்டும்.

படிக்கத் தொடங்கியதுமே வால்பாறைத் தடம் அவள் கண்ணை இழுத்தது. காட்டிலாகா விடுதியில் ஓர் அறை. இருவாச்சிப் பறவையின் குரலைப் பதிவு செய்வது எப்படி என்று ஒரு தேடல். சர்க்கரை இல்லாத காபி. மழை வருமா என்று இரண்டு தடவை பார்த்திருக்கிறான். கூட்டம் இல்லாத பாதை எது என்று கேட்டிருக்கிறான். பன்னிரண்டு வருஷமாக அவளோடு குடித்தனம் நடத்துகிற தீபன் அச்சு அசலாக அங்கே இருந்தான். சத்தம் பிடிக்காதவன், ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகம் படிப்பவன், யாரோடும் போட்டிக்குப் போகாதவன்.

"இவர்தாங்க" என்றாள் சிந்துஜா. அவளுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

பேச்சிமுத்து வால்பாறை நிலையத்தைக் கூப்பிடக் கருவியை எடுத்தார். எடுத்தவர் தன்பாட்டுக்கு முணுமுணுத்தார். "போவ வேண்டியதுதான். ஆனா ஒண்ணு பாத்துக்கிடுங்க. இந்தச் சட்டம் வந்த நாளையிலருந்து வீட்டார் கைகாட்டின எடத்துல நான் ஒருத்தனையும் பாத்ததில்லை. அழுதுக்கிட்டே அடிச்சுச் சொல்லுவாவ, இதான் எம்புள்ளன்னு. போய்ப் பாத்தா காத்து வாங்கும்."

சிந்துஜா அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினாள். காவல்துறை அதிகாரி கையைப் பிடிக்கிறோம் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை.

"கூப்பிடாதீங்க சார்."

"ஏன்?"

"அந்தச் சோதனைய வச்சதே நான்தாங்க."

நிழலாட்கள் ஆரம்பத்தில் படு மட்டமாக இருந்தார்கள். கடுகு வாங்கிய கையோடு விமானம் வாங்கத் தேடுவார்கள். தடம்பொறுக்கிகள் ஒரே நாளில் அவர்களைக் கழித்துக்கட்டிவிட்டார்கள். அப்போது சிந்துஜாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஓர் ஆளை ஊரில் யாருக்கு நன்றாகத் தெரியும்? வீட்டில் இருப்பவர்களுக்கு. அவர்களையே ஏமாற்றிவிட்டால் வேறு யாரையும் ஏமாற்றலாம். வீட்டாரிடம் அசல் தடத்தையும் நிழல்களின் தடங்களையும் பெயரில்லாமல் காட்டி, இதில் உங்கள் ஆள் யார் என்று கேட்க வேண்டும். வீட்டார் அசலை விட்டுவிட்டு நிழலைக் கைகாட்டினால் நிழல் தேறியது. இல்லாவிட்டால் திருத்திக்கொண்டு மறுபடி வர வேண்டும். இதற்கு வீட்டார் சோதனை என்று பெயர் வைத்தார்கள்; பின்னால் உலாவியைப் போடுகிற ஒவ்வொரு வீட்டிலும் இதை நடத்தினார்கள். முதலில் அலுவலகத்தில் எல்லோரும் தத்தம் வீட்டுக்குச் சோதனையை எடுத்துப் போனார்கள். முதன்முதலில் நிழல் உண்டாக்கப்பட்டது தீபனுக்கு. கைகாட்டியது சிந்துஜா.

சாப்பிட்டு முடித்ததும் தினமும் அது ஒரு விளையாட்டாக நடந்தது. "இது நீங்கதான்" என்று அவள் தொடுவாள். அது நிழலாக இருக்கும். அப்படியானால் அசல் எது என்று அவள் கேட்டதே இல்லை. தீபன் விழுந்து விழுந்து சிரிப்பான். அவள் தன் வேலை ஜெயித்த சந்தோஷத்தில் குதிப்பாள். கொஞ்ச நாள் போனதும் அவன் சிரிப்பது குறைந்தது. பிறகு சோதனை நேரத்தில் பாத்திரம் கழுவப் போய்விடுவான். அவள் அதைக் கவனித்தாள், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மனுஷனுக்கு ஒரு விளையாட்டு எத்தனை நாள்தான் பிடிக்கும் என்று நினைத்தாள்.

"சார், வீட்டாருக்கு எது பிடிக்குமோ, எது நிஜம்னு தோணுமோ, அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவங்க இந்த நிழலாளுங்க. அந்த வால்பாறை ஆளை நான்தாங்க வளர்த்தேன். அவரு என் புருஷன் இல்லைங்க. நான் நினைச்சுக்கிட்டு இருக்கற புருஷன்."

பேச்சிமுத்து கருவியைக் கீழே வைத்தார். "அப்போ எவன் உங்க வீட்டுக்காரரு?"

"எவன் என் வீட்டுக்காரர் மாதிரி இல்லையோ அவன்."

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரையில் மற்ற தடங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கும்பகோணத்து ஆள் பந்தியில் ரசத்தைப் பற்றிக் குறை சொல்லியிருந்தான். அது தீபன்தான், ஆகவே இல்லை. பெங்களூர்க்காரன் கண்காட்சியில் கூட்டத்துக்குப் பயந்து மூலையில் நின்றான். அதுவும் தீபன்தான், ஆகவே இல்லை. இந்த மாதிரி ஒரு தேடலை அவள் வாழ்நாளில் செய்ததில்லை. கணவனின் முகம் தெரிகிற இடமெல்லாம் தள்ளித் தள்ளி வைக்க வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு தடம் மிஞ்சியது. சென்னை காசிமேட்டில் ஒரு கேரம் மன்றம். மாநில அளவிலான போட்டி. அந்த ஆள் போன வருஷத்து இறுதி ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தான். ஸ்ட்ரைக்கரின் எடை பற்றி யாரோடோ விடிய விடியச் சண்டை பிடித்திருந்தான். எதிராளியை வம்புக்கு இழுத்து, "வா மாப்ளே, உன் ரெட் காயை உன் பாக்கெட்லயே போடறேன்" என்று எழுதியிருந்தான்.

சிந்துஜாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. தீபனாவது, யாரையாவது மாப்ளே என்று கூப்பிடுவதாவது. சோதனைகளில் இப்படிப்பட்டவனைப் படித்துப் பார்க்காமலே தள்ளியிருக்கிறாள். பல்லாங்குழி ஆடக் கூப்பிட்டால்கூடத் தலைவலி என்று படுத்துக்கொள்கிறவன்.

சிரிப்பு பாதியில் நின்றது. அவனுடைய சட்டைகள் நினைவுக்கு வந்தன. வலது கைப்பட்டியில் மட்டும் வெள்ளையாக ஒரு மாவு ஒட்டியிருக்கும். எத்தனையோ சனிக்கிழமை அதைக் கசக்கித் துவைத்திருக்கிறாள். கம்பெனியில் வார்ப்படம் ஊற்றுகிற இடத்துத் தூசி என்று அவளே முடிவு செய்து, "அந்தப் பக்கம் போகாதீங்கன்னா கேக்கறீங்களா" என்று அலுத்துக்கொள்வாள். அவன் மறுத்ததில்லை. வார்ப்படத் தூசி வெள்ளையாக இருக்குமா என்று அவளும் ஒருநாளும் யோசித்ததில்லை. கேரம் பலகையில் காய் வழுக்குவதற்குத் தூவுகிற போரிக் பவுடர்தான் அப்படி இருக்கும்.

உறுதி வந்தது. உறுதி வந்ததும் பயமும் சேர்ந்து வந்தது. ஒவ்வொரு சோதனையிலும் அவளுக்கு உறுதி இருந்தது, ஒவ்வொன்றிலும் தோற்றாள். இதுவும் எட்டில் ஒன்றாக இருந்தால்? திரும்ப வால்பாறையைத் திறந்தாள், மூடினாள், கேரமைத் திறந்தாள். நாற்காலியில் அவளால் உட்கார முடியவில்லை.

"இன்னும் நேரம் போவுதும்மா" என்றார் பேச்சிமுத்து மெல்ல.

சட்டை துவைப்பதை எந்த உலாவியும் பார்த்ததில்லை. வீட்டுக்குள் அந்த இயந்திரத்தின் கண் படாமல் நடந்த காரியம் அது ஒன்றுதான். அதை அவள் பிடித்துக்கொண்டாள்.

"காசிமேடுங்க சார்."

மன்றத்துக்கே நேராகப் பேசிவிடலாம் என்று அவள் கூப்பிட்டுப் பார்த்தாள். மன்றமும் ஒன்பதாள் உலாவி வைத்திருந்தது. ஒன்பது செயலாளர்கள் எடுத்து, ஒன்பது விதமாக, அப்படி யாரும் இங்கே ஆடவில்லை என்றார்கள். பேச்சிமுத்து காவல்துறைக் கம்பியில்லாக் கருவியில் காசிமேட்டுக்குச் சொல்லி, ரோந்துக் காவலர் ஒருவரை மன்றத்துக்குள் அனுப்பினார். கருவி மேசைமேல் கரகரவென்று இரைந்துகொண்டே இருந்தது. சிந்துஜா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடவுளே, கால் வீங்கியவன் யாராவது ஒருத்தன் அங்கே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

"சார், தீபன்னு யாரும் இல்லையாம் சார்" என்றது கருவி.

அவள் திரையில் வால்பாறையை மறுபடி திறந்தாள்.

"பேரை விடுய்யா. இடது காலு வீங்கின ஆளு இருக்கானா பாரு" என்றார் பேச்சிமுத்து.

ஒரு நிமிஷம் வெறும் இரைச்சல். ஆட்கள் கத்துகிற சத்தம், காய் மோதும் சத்தம். "ஒர்த்தர் கீறார் சார். காலை இன்னொரு சேர்ல தூக்கி வச்சிக்கினு ஆடிக்கினு கீறார். இங்க அவரைக் கோயமுத்தூராருன்றாங்க. செமி ஃபைனலாம் சார். எழுந்து வான்னா, இந்த போர்டு முட்ச்சிட்டு வரேன்றார்."

சிந்துஜா கருவியைப் பறித்துக்கொண்டாள். "ஏனுங்க, சிந்து பேசறேன். கேளுங்க. உங்க கால்ல ரத்தம் கட்டியிருக்கு. அசைச்சீங்கன்னா நெஞ்சுக்கு வந்துரும். ஆடினது போதும், அவரு சொல்றபடி படுத்துக்கோங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறனுங்க."

அந்தப் பக்கம் கூட்டத்தின் சத்தம் மெல்ல அடங்கியது. பிறகு தீபனுடைய குரல், நம்ப முடியாதவனின் குரலாக, "சிந்து? நீ எப்படி இங்க..." என்றது.

அன்று மாலை மின்னல் ரயிலைப் பிடித்து அவள் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தீபனுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. சமயத்தில் கொண்டுவந்துவிட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். அவன் விரல் நுனியில் இன்னும் பவுடர் ஒட்டியிருந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா? கேரம் ஆடறதை யாராவது மறைப்பாங்களா?"

"பொண்ணு பாக்க வந்தப்ப நீ சொன்னே. கூட்டம் கூடிக் கத்தற ஆம்பளைங்களைக் கண்டாலே ஆகாதுன்னு. அப்ப வாயை மூடினவன்தான்." தீபன் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அப்பறம் என்னைக்காவது சொல்லிக்கலாம்னு இருந்தேன். இருக்கறப்பதான் அந்தச் சோதனை வந்துச்சு."

"சோதனைல என்னுங்க?"

"உனக்கு உன் பக்கத்துத் திரைதான் தெரியும். எனக்கு என் கைபேசில ஒரு சேதி வரும். நீ தப்பாத் தொட்ட ஒவ்வொரு தடவையும் வரும். நீ எழுதினதுதான், மறந்திருப்பே."

அவள் மறக்கவில்லை. பயனாளர் மகிழ்ச்சியடைய வேண்டும் என்பதற்காகப் பச்சை நிறத்தில், பூங்கொத்துப் படத்தோடு வைத்த வாசகம் அது. 'வாழ்த்துகள். உங்கள் வீட்டாரால் உங்களை அடையாளம் காண முடியவில்லை.'

"தினமும் ராத்திரி சாப்பிட்டுட்டு அதைப் படிப்பேன். அந்த வால்பாறை ஆளு நல்லவன்தான். எனக்கே பிடிக்கும். நீ எப்பவும் அவனைத்தான் எடுத்தே. சரி, நேரம் வந்தா அவனே உனக்குப் பதில் சொல்லட்டும்னு ஒரு நாள் உன் பேரை எடுத்துட்டேன். தப்புதான்."

தப்பு யாருடையது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"அது இருக்கட்டும். இன்னைக்கு எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். சிந்துஜா உண்மையைச் சொன்னாள். "உங்களை மாதிரியே இல்லாத ஆளைத் தேடினனுங்க."

தீபன் சிரித்தான். சந்தோஷமான சிரிப்பு இல்லை, ஆனால் சிரித்தான்.

பேச்சிமுத்து இதை அப்படியே விடவில்லை. வீட்டார் கைகாட்டியதை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு மிச்சத்தில் தேடத் தொடங்கினார். காணாமல்போனவர்கள் ஒவ்வொருவராக அகப்பட்டார்கள். மூன்று வருஷமாகக் கிடைக்காத ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே கிடைத்தார். பேச்சிமுத்துவுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். பதக்கம் கொடுத்தால் பத்திரிகையில் வரும், பத்திரிகையில் வந்தால் தடம்பொறுக்கிகளும் படிப்பார்கள்.

வீடு வீடாக ஆட்கள் கிளம்பினார்கள். எவர்சில்வர் டப்பா இலவசம், கணக்கெடுப்பு என்று ஏதாவது சொல்லிக்கொண்டு வந்து, "இந்த ஒன்பதுல உங்க வீட்டுக்காரர் யாருங்க?" என்று கேட்டார்கள். மனைவி ஒன்றைத் தொட்டால் அதை அடித்தார்கள். அம்மா ஒன்றைத் தொட்டால் அதை அடித்தார்கள். மகன், மச்சினன் என்று எல்லோரும் தொட்டு முடித்த பிறகு எஞ்சி நிற்பவன்தான் அசல் ஆள். காப்பீடுகள் மறுபடியும் ரத்தாயின. காந்திபுரம் பலகை மறுபடியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

ஆனால் சிலர் மட்டும் அகப்படவே இல்லை. அது ஏன் என்று அரண் நிறுவனம் மண்டையை உடைத்துக்கொண்டபோது சிந்துஜாதான் கண்டுபிடித்தாள். அவர்களுடைய வீட்டார் அசல் ஆளையே சரியாகக் கைகாட்டியிருந்தார்கள். வீட்டார் தொட்டது பொய் என்று நம்பிய தடம்பொறுக்கிகள் அசலை முதல் வேலையாக அடித்துவிட்டு, நிழல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பூட்டும் வேடமும் தராத பாதுகாப்பு, வீட்டில் தன்னைத் தெரிந்த ஒருவர் இருப்பவனுக்குச் சும்மா கிடைத்திருந்தது. மற்றவர்களுக்கு நிறுவனத்தால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. உலாவியின் அடுத்த பதிப்பில் பாதுகாப்புக் குறிப்புகளுக்கு நடுவே, 'வீட்டாரோடு அவ்வப்போது மனம்விட்டுப் பேசவும்' என்று ஒரு வரி சேர்த்தார்கள். அதைப் படித்து ஊரே சிரித்தது.

தீபன் எழுந்து நடமாடத் தொடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் அவள் தன்னுடைய ஒன்பது தடங்களையும் அவன் முன்னால் விரித்து வைத்தாள். புதிய பதிப்புக்குச் சோதனை வேண்டியிருந்தது. அத்தனை மாதம் நடந்த சோதனையில் தன்னைக் கைகாட்டும்படி அவனிடம் அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

தீபன் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தான். ஐந்தாவதைத் தொட்டான். "இது நீ."

அது அவள்தான். சிந்துஜா திகைத்துப்போனாள். "எப்படிங்க?"

"மத்த எட்டுப் பேரும் தேடினதைத் தேடி முடிச்சிருக்காங்க. இவ ஒருத்திதான் எல்லாத்தையும் பாதியில விட்டிருக்கா. உப்புமா செய்முறைகூடத் தண்ணி ஊத்தற வரைக்கும்தான் படிச்சிருக்கா. நம்ம வீட்டு உப்புமா அதனாலதான் அப்படி இருக்கு."

அவளுடைய கைபேசி சிவப்பாக ஒளிர்ந்தது. அதுவும் அவள் எழுதிய வாசகம்தான், இதுவரை அவளுக்கு வந்ததில்லை. 'எச்சரிக்கை. உங்களை அடையாளம் காணக்கூடிய ஒருவர் இருக்கிறார். உள்வட்டத்திலிருந்து அவரை நீக்கப் பரிந்துரைக்கிறோம்.' இதைவிட நல்ல சேதி அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. நீக்க வேண்டாம் என்பதை அழுத்தினாள். ஒருமுறை போதாதென்று மறுபடியும் அழுத்தினாள்.

"இப்ப உங்களுதை வைங்க" என்றாள். பிறகு தயங்கி, "என் பேரை உள்வட்டத்துல திரும்பச் சேர்த்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சேர்த்துட்டா நீ என்னைத் தேட வேண்டியதே இல்லையே. கண்டுபிடி. அப்பறம் சேர்க்கறேன்."

அவன் குரலில் கிண்டல் இருந்தது, கண்ணில் இல்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்பது தீபன்களையும் திறந்தாள். இப்போது அவளுக்கு அவனைத் தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எவ்வளவோ பேசியிருந்தார்கள்.

முதல் தீபன் கேரம் ஆடினான். இரண்டாவது தீபனும் கேரம் ஆடினான். மூன்றாமவன் காசிமேட்டு நண்பர்களோடு சண்டை போட்டான், நான்காமவன் எதிராளியை மாப்ளே என்று கூப்பிட்டான். ஒன்பது பேர் கையிலும் பவுடர் இருந்தது. காவல் நிலையத்தில் அவள் சொன்ன அந்த ஒரு சொல்லையும் உலாவி ஒரு வீட்டார் சோதனையாகவே எடுத்துக்கொண்டிருந்தது. அவள் தீபனைப் பற்றித் தெரிந்துகொண்ட அன்றே நிழல்களும் தெரிந்துகொண்டுவிட்டன.

படித்தாள், திரும்பப் படித்தாள். ஒருவன் தோற்ற ஆட்டத்தை நினைத்து வருந்தியிருந்தான், ஒருவன் மனைவிக்குக் கற்றுக்கொடுக்கச் சின்னப் பலகை விலை கேட்டிருந்தான். மனைவியை நினைத்தவன்தான் அவன், வேறு யாராக இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. எதிரில் தீபன் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தான். இவ்வளவு ஆசையாக அவன் அவளைப் பார்த்து நாளாகியிருந்தது.

அவள் பலகை விலை கேட்டவனைத் தொட்டாள்.

தீபனின் கைபேசி சிணுங்கியது. மேசையின் கண்ணாடிப் பரப்பில் பச்சை வெளிச்சமும் ஒரு பூங்கொத்தும் தெரிந்தன.

அவன் அதைப் படிக்காமல் கவிழ்த்து வைத்தான். எழுந்து போய் உள்ளறையிலிருந்து கேரம் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் போட்டான், பவுடர் டப்பாவைத் திறந்தான்.

"வா, ஆடலாம்" என்றான். "நாளைக்கு இன்னொரு தடவை பாக்கலாம்."